காபி குடிக்கச் சொன்ன கார்!

போன வருஷம் ஆனி மாசம். குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த நேரம். திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிவாக்கில் தென்காசிக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். இன்னும் ஆலங்குளம் வரவில்லை. 'டிங்' என்று ஒரு சத்தம். எதிரே இருந்த திரையில் ஒரு காபிக் கோப்பை படம். ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கீழே ஒரு வரி.

"பார்த்தியா, வைத்தியனுக்கே வைத்தியம் சொல்லுது!" என்று மனைவியிடம் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது சொல்றது சரிதாங்க. ரெண்டு தடவை கண்ணு சொருகினதை நானே பார்த்தேன்" என்றாள்.

நான் பட்டனைத் தேடி அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தேன். அந்தத் திமிருக்கு என்ன விலை கொடுக்க இருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சித்த வைத்தியருக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு முப்பது வருஷமாகத் தென்காசியில் வைத்தியம் பார்க்கிறேன். இடுப்பு வலி, கழுத்து வலி, கால் மரத்துப் போவது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்கள்தான். எனக்கும் இடது முழங்காலில் அழல் கீல் வாயு, அதாவது மூட்டுத் தேய்மானம். கிளட்சை மிதித்து மிதித்து, ஊருக்குக் கொடுக்கும் தைலத்தை நானே தேய்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கிளட்ச் இல்லாத வண்டி வேண்டும் என்று தேடப் போய்த்தான் மின்சாரக் காரில் வந்து நின்றேன். உண்மையைச் சொன்னால், முழங்காலுக்காக மட்டும் என்றால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டியே போதும்.

கணக்கு இப்படி. விலை அதிகம்தான், ஆனால் மின் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ராத்திரி மாட்டினால், 40 யூனிட் கொள்ளும் பேட்டரி நிரம்பப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் ஆகும். ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறது. கம்பெனி சொல்கிற தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். ஏ.சி. போட்டு, ஐந்து பேர் ஏறி, புளியரை மலைப்பாதையில் ஏறினால் பேட்டரி கண்ணெதிரே குறையும். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்னால் வீட்டு ஒயரிங்கையும் எர்த்தையும் நல்ல எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் எர்த்தே சரியில்லை என்பது கார் வந்த பிறகுதான் தெரிந்தது!

சரி, என் துறைக்கு வருகிறேன்.

எண்பத்திரண்டு வயது அம்மாவைக் குற்றாலநாதர் கோயிலுக்குப் புது வண்டியில் அழைத்துப் போனேன். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். அதற்குள், "ஏய்யா, வண்டிய நிறுத்துய்யா" என்று சொல்லி வாந்தி எடுத்துவிட்டார். பஸ்ஸில் போனால்கூட வாந்தி எடுக்காதவர்!

காரணம் இதுதான். மின்சாரக் காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியை பேட்டரிக்கு அனுப்புகிறது. காலை எடுக்க எடுக்க உள்ளே இருப்பவர்கள் முன்னும் பின்னும் ஆடுகிறார்கள். எஞ்சின் சத்தமும் இல்லாததால், வண்டி வேகம் பிடிக்கப் போகிறதா, குறையப் போகிறதா என்று உடம்புக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. தலை சுற்றிப் பித்தம் பொங்குகிறது. ஓட்டுகிறவருக்கு மட்டும் எதுவும் தெரியாது, ஏனென்றால் காலை எடுப்பது அவர்தானே!

இந்தத் தடுப்புச் சக்தியைக் கூட்டிக் குறைக்கப் பல வண்டிகளில் ஏதோ ஒரு வழி இருக்கும். பெரியவர்கள் ஏறும்போது குறைந்த அளவில் வையுங்கள். காலை மெதுவாக எடுத்துப் பழகுங்கள். அம்மா இப்போது முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறார். வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பிட்டும் கூடாது. இரண்டு இட்லி, வாயில் ஒதுக்க ஒரு துண்டு இஞ்சி. (சர்க்கரை உள்ளவர்கள் தேனில் ஊறிய இஞ்சியைக் கேட்காதீர்கள்.)

இன்னொரு விஷயம். பேட்டரி அடியில் இருப்பதால் பல மின் கார்களில் தரை கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி, தொடை சீட்டில் படியாது. முழு பாரமும் இடுப்புக்கு வரும். ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் இது தெரியாது. வீட்டில் இடுப்பு வலிக்காரர் இருந்தால் அவரையே அழைத்துப்போய், அரை மணி நேரம் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் ஏ.சி. பட்டனையும் பாருங்கள். எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் வைத்துவிட்டார்கள். கண்ணாடியைத் தாழ்த்தி உற்றுப் பார்ப்பதற்குள் எதிரே ஒரு மணல் லாரி வந்துவிடும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயப்படுகிறார்கள். இலஞ்சியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் காரில் ஏறவே மாட்டேன் என்றார். ஜெர்மனியில் மியூனிக் நகர மருத்துவர்கள் இதற்காகவே இப்படிப்பட்ட கருவி வைத்த 108 பேரை நான்கு வகை மின் கார்களில் உட்கார வைத்தும், சார்ஜ் போடச் சொல்லியும் சோதித்தார்கள். கருவிக்கு எந்த இடைஞ்சலும் வரவில்லை என்று 2018-ல் வெளியிட்டார்கள். இருந்தாலும் உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது கேபிள் பக்கத்திலேயே நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

சத்தமில்லாத வண்டிக்கு வேறொரு ஆபத்து. "என்ன அண்ணாச்சி, பூனை மாதிரில்லா வந்து நிக்கிய!" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் நாளே துள்ளி விலகினார். தென்காசி ரத வீதிகளில் காது மந்தமான பெரியவர்கள் நடு ரோட்டில்தான் நடக்கிறார்கள். ஐரோப்பாவில் 2021 முதல் எல்லாப் புது மின் கார்களும் மெதுவாகப் போகும்போது ஒரு சத்தம் எழுப்பியாக வேண்டும். உங்கள் வண்டியில் அந்த வசதி இருந்தால் அணைக்காதீர்கள்.

இனி அந்தக் காபிக் கோப்பை கதை.

இப்போது வரும் பல கார்களில் ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் இருக்கின்றன. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, பம்பரில் ரேடார். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் தானே திருத்தும். மோதப் போகிறோம் என்றால் தானே பிரேக் பிடிக்கும். நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் 'லெவல் 2' வகை. இதன் அர்த்தம் ஒன்றுதான்: வண்டி உதவி செய்யும், பொறுப்பு முழுக்க உங்களுடையது. கை ஸ்டீயரிங்கிலும் கண் ரோட்டிலும் இருந்தே ஆக வேண்டும்.

குற்றாலம் ரோட்டில் இந்தக் கருவிகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! சாரல் கனத்தால் கேமரா மறைந்துவிட்டது என்று கைவிரித்துவிடும். ஐந்தருவி பக்கம் கோடு இருக்கிற இடத்தைவிட இல்லாத இடம் அதிகம். ஆளையும் பைக்கையும் கண்டுகொள்ளும். ஆட்டையும் மாட்டையும் கண்டுகொள்ளும் என்று நம்பிப் போக முடியாது, குரங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நாலு வழிச்சாலையில் கதை வேறு. என் மகள் தூத்துக்குடியில் இருக்கிறாள். 2025 ஆகஸ்ட் 4-ல் முதலமைச்சர் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்து வைத்தாரே, அதே ஊர். அவள் வீட்டில் மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்பினோம். மனைவி பின்சீட்டில். வாகைகுளம் தாண்டியதும் வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, எல்லாவற்றையும் அதனிடமே விட்டேன். வேலை எதுவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மனுஷ மூளைக்கு மிகக் கஷ்டமான வேலை அதுதான். அது தூங்கிவிடும்.

தூங்கிவிட்டேன். எத்தனை நொடி என்று தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நொடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். வல்லநாட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் பீப்பாய்களை அடுக்கி வழியைத் திருப்பி விட்டிருந்தார்கள். கோடு நேரே போகிறது, கார் கோட்டோடு போகிறது. "ஏங்க!" என்ற அலறலில்தான் கண் விழித்தேன். முழு பிரேக். ஒரு பீப்பாய் உருண்டது. பின்னால் லாரி இல்லாதது எங்கள் பாக்கியம்.

கை அரை மணி நேரம் நடுங்கியது. முதலில் வண்டியைத்தான் திட்டினேன். தூங்கியவன் நான், காபிக் கோப்பையை அணைத்தவனும் நான்!

படிக்கிற காலத்தில் ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜில் இருந்த நண்பன் ஒருவன் இப்போது நுரையீரல் மருத்துவர். போனில் சொன்னதும் கேட்டான்: "என்னடே, குறட்டை உண்டா?" மனைவி போனைப் பிடுங்கினாள். "உண்டாவா? நடுவுல மூச்சே நின்னுபோகும். நான் உசுரைக் கையில பிடிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன்." இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். நான் கபம் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஒரு ராத்திரி உடம்பில் ஒயர்களை மாட்டித் தூங்கச் சொல்லிச் சோதித்தார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்பட்டது. ஐந்துக்குக் கீழே இருந்தால் பயமில்லை; முப்பதைத் தாண்டினால் கடுமையான நிலை. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்க, மூளை ஒவ்வொரு முறையும் அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் உடம்புக்குத் தூக்கமே கிடைப்பதில்லை. பகலில் தலை கவிழ்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷினைக் கொடுத்தார்கள். சித்த வைத்தியன் முகமூடியோடு படுப்பதா என்று ஒரு வாரம் வீம்பு பிடித்தேன். நோய் என்னுடையது, வீம்பு யாருக்கு உதவும்? எடையை ஏழு கிலோ குறைத்தேன், மெஷினையும் மாட்டுகிறேன்.

பதினான்கு வேகங்களை அடக்கக்கூடாது என்று கல்லூரியில் முதல் பாடமாகப் படித்தோம். அதில் தூக்கமும் ஒன்று. நோயாளிகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடிய விடியப் பயணம் செய்து வருகிறீர்கள். எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், பிறகு செங்கோட்டை எல்லையில் பரோட்டாவும் கோழியும். தும்மல் வந்தால் ஒரு அவில் மாத்திரை. அப்படியே மதுரைக்கு வண்டியை எடுக்கிறீர்கள்! அவில், வாந்திக்குப் போடும் அவோமின் இரண்டுமே தூக்கம் வரவழைப்பவை. ஸ்டீயரிங் பிடிப்பவர் தொடக்கூடாது. எங்கள் அமுக்கராச் சூரணமும் சிலருக்குத் தூக்கம் தரும், அதையும் மறைக்க மாட்டேன். எண்ணெய்க் குளியலன்று பகலில் தூங்கக்கூடாது என்பது நம் முறை. சரிதான், வீட்டில் இருக்கிறவர்களுக்கு. ஓட்டுகிறவர் எண்ணெயை விட்டுவிட்டு அருவியில் மட்டும் குளியுங்கள், அரை வயிறு சாப்பிடுங்கள். அதையும் மீறிக் கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிஷம் தூங்குங்கள். என் ஆசிரியர்கள் கோபிக்க மாட்டார்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு, விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து, இந்த நேரங்களில் உடம்பு தானாகவே சோரும். வாடகை வண்டி டிரைவருக்கும் படுக்க ஓர் இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவர் சீட்டில் சுருண்டு கிடந்துவிட்டு உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்.

குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, காலையில் தலைவலி, பகலில் அசதி இவை சேர்ந்து இருந்தால் சோதனை செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் படுப்பவர் சொல்வதை நம்புங்கள்.

மோதல் எச்சரிக்கையையும் தானாகப் பிடிக்கும் பிரேக்கையும் நான் அணைப்பதில்லை. தானே ஓட்டும் வசதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடுவதில்லை, தனியாகப் போனாலும் தொடுவதில்லை. காபிக் கோப்பையைத் திரும்பப் போட்டு வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் வந்தது. ஒன்று, வெளியூரில் மெஷின் இல்லாமல் தூங்கிய மறுநாள். இன்னொன்று போன மாசம், சுரண்டையில் ஒரு துக்க வீட்டில் கண் விழித்துவிட்டுத் திரும்பும்போது. ஓரங்கட்டிச் சீட்டைச் சாய்த்தேன். எழுந்தபோது எதிரே டீக்கடை திறந்திருந்தது. காபி இல்லை, சுக்குக் காபிதான் இருக்கு என்றார் கடைக்காரர். வாங்கிக் குடித்தேன்.