பழைய கணிப்பொறிக் கூடு

சென்ற கோடை விடுமுறையில் என் மகள்வயிற்றுப் பேரன் எங்கள் ஊருக்கு வந்திருந்தான். பதினொன்றாம் வகுப்பிற் பயில்பவன். ஒரு நாட் காலை கடைத்தெருவுக்குச் செல்லும் வழியில் பழைய அச்சகம் ஒன்றின் வாயிலில் நாங்கள் நிற்க நேர்ந்தது. 1990-களில் அவ்வச்சகத்துக்கு நான் மெய்ப்புத் திருத்திக் கொடுத்ததுண்டு. இடம் கைமாறிவிட்டமையால், உள்ளே கிடந்த தட்டுமுட்டுப் பொருள்களை உரிமையாளர் இரும்புக் கடைக்காரருக்கு எடைபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். குவியலின் அடியில், மஞ்சள் பூத்த பெட்டியொன்று கவிழ்ந்து கிடந்தது. அதனைக் கண்டதும் பேரன் புதையல் கண்டவனைப் போல் ஆனான். "தாத்தா, இது 486! விளையாட்டுக் கணிப்பொறி செய்ய இதைத்தான் ஓராண்டாகத் தேடுகிறேன்" என்றான். உரிமையாளர் என் முகத்தைப் பார்த்து விலை வாங்காமலே அதனைக் கொடுத்துவிட்டார்.

பெட்டியை நிமிர்த்தியபோது நான் திடுக்குற்றேன். அதன் முகப்பில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. எந்த ஆங்கில விசையைத் தட்டினால் எந்தத் தமிழெழுத்து வரும் என்பதை அவ்வச்சகத்தின் எழுத்துக்கோப்பவர் தம் கையால் எழுதி ஒட்டிய பட்டியல் அது. ஈய எழுத்துகளை அறை அறையாகப் பொறுக்கிக் கோத்துப் பழகிய விரல்கள், ஐம்பது வயதுக்குமேல் விசைப்பலகைக்கு மாறியபோது துணையாக இருந்தது அத்தாள்தான். அவர் இன்று இல்லை. றகரத்தைச் சற்றே சாய்த்து எழுதும் அவர் வழக்கம் அப்படியே அதில் இருந்தது.

இனி, இப்பெட்டியின் இயல்பைச் சிறிது கூறுவேன். கடைக்காரர் இதனைக் கேபினெட் என்பர். நான் கூடு என்றே வழங்குவேன். ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை 1981-இலும், ஏ.டி. என்னும் வகையை 1984-இலும் வெளியிட்டது. பின்வகையின் அமைப்பைப் பின்பற்றிப் பல நிறுவனங்களும் தாய்ப்பலகைகளையும் கூடுகளையும் செய்யத் தொடங்கின. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பை அறிவிக்கும்வரை அதுவே பெருவழக்கு. எஃகுத் தகட்டால் உடலும், ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் முகப்பும் ஆனது அக்கூடு. முகப்பில் நெகிழ்வட்டுச் செருகுவதற்கு வாயில்கள், விசைப்பலகையைச் செயலறச் செய்யும் சிறு பூட்டு, டர்போ என்னும் பொத்தான், வேகத்தைக் காட்டும் எண் விளக்கு ஆகியவை இருக்கும். இக்காலக் கூடுகளில் இவற்றைப் பெரும்பாலும் காணவியலாது.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, கூடு முழுமைக்கும் கறுப்பு வண்ணம் தெளிக்கலாம் என்றான் பேரன். அது புதுக்குதல் அன்று, மறைத்தல் என்றேன் நான். ஓலைச்சுவடி நைந்துவிட்டது என்பதற்காக அதன்மேல் காகிதம் ஒட்டுவார் உளரோ? இரண்டு நாள் வாதித்தபின், தாளைச் சேதமின்றி எடுப்பது, பழைய நிறத்தையே மீட்பது, உள்ளுறுப்புகளுள் உயிருள்ளவற்றைக் காப்பது என்று முடிவாயிற்று. வெந்நீரிற் பிழிந்த துணியை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் இட்டு, அத்தகட்டைத் தாளின்மேல் வைத்துப் பசையை இளக்கினோம். மெல்லிய அட்டையை அடியிற் செருகிச் செருகி ஒரு மணி நேரத்தில் தாளை எடுத்தோம். ஒரு மூலை மட்டும் கிழிந்தது.

தாளின்கீழ் நாங்கள் எதிர்பாராத ஒன்று தென்பட்டது. சுற்றிலும் முகப்பு மோர்க்குழம்பின் நிறமாக இருக்க, தாள் மறைத்த இடம் மட்டும் சாம்பல் கலந்த வெண்மையாக இருந்தது. கூடு பிறந்த நாளில் முழுமையும் அந்நிறந்தான். எந்த நிறத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் எங்களுக்குக் கிடைத்திராது.

கூட்டைத் திறக்குமுன் மின்னைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். இக்காலக் கணிப்பொறியின் முன்பொத்தானில் வருவது தீங்கற்ற சிறு மின்னழுத்தமே. பழைய ஏ.டி. கூடுகள் பலவற்றிலோ, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் நான்கு கம்பிகள் வழியாக முன்பொத்தானுக்கே வந்து மீளும். செருகி சுவரில் இருக்குமளவும், பொத்தானை அணைத்திருந்தாலும், அங்கே உயிர்க்கொல்லி காத்திருக்கிறது. ஆதலின் செருகியைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்த பின்னரே திருகாணியைத் தொட்டோம். மின்வழங்கிப் பெட்டியை நாங்கள் திறக்கவே இல்லை. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். அதனை வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் என் நண்பரிடம் ஒப்படைத்தோம். முப்பதாண்டுக்கு முன் மலிவாகச் செய்த கூடுகளின் தகட்டோரங்கள் அரிவாள்மணை போன்றவை என்பதையும் பேரன் அன்றே தன் விரலால் அறிந்துகொண்டான்.

உள்ளே தூசி ஒரு விரற்கடை உயரம். தூரிகையால் அதனை நீக்கியபின் தாய்ப்பலகையின் ஓரத்தில் பச்சை படர்ந்திருப்பதைக் கண்டோம். அக்காலப் பலகைகளில் மணியையும் அமைப்புக் குறிப்புகளையும் நினைவில் வைத்திருக்கச் சிறு பீப்பாய் வடிவில் நிக்கல்–காட்மியம் மின்கலம் ஒன்றைப் பற்றவைத்திருப்பர். காலப்போக்கில் அது கசியும். கசியும் நீர் காரத்தன்மை உடையது. செம்பு வழிகளை மெல்ல அரித்துப் பச்சையாக்கிவிடும். பழங்கணிப்பொறிகளுள் மிகப் பலவற்றைக் கொன்றது தூசியன்று, வெயிலன்று, இச்சிறு கலமே. காரத்தை அடக்குவது அமிலம் என்பதை நீங்கள் வேதியியலிற் படித்திருப்பீர்கள். மின்கலத்தை வெட்டி எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தோய்த்து ஒற்றினோம். நுரை அடங்கியபின் காய்ச்சி வடித்த நீரால் கழுவி உலர்த்தினோம். இரண்டு செம்பு வழிகள் முற்றும் அற்றிருந்தன. நண்பர் மயிரிழை போன்ற கம்பியால் அவற்றை இணைத்துக் கொடுத்தார். புதிய மின்கலத்தைப் பலகையின்மேல் வையாமல், நீண்ட கம்பியில் இணைத்துக் கூட்டின் ஓரத்தில் வைத்தோம். காசு வடிவ லித்தியம் கலத்தைப் பழைய பலகையோடு நேரே இணைத்தால் பலகை அதனை மின்னேற்ற முற்படும், அஃது ஆபத்து. ஒருவழியாக மட்டும் மின்னை விடும் டையோடு ஒன்றை இடையில் வைத்தல் வேண்டும்.

கசிவு கூட்டின் அடித்தகட்டையும் விடவில்லை. அங்கே துரு ஏறியிருந்தது. அதற்கு மருந்து எங்கள் அடுக்களையிலேயே இருந்தது. பித்தளைக் குடத்தைப் புளியிட்டு விளக்குவதில் உள்ள நுட்பம் யாது? புளியின் அமிலம் உலோகத்தின்மேற் படர்ந்த கறையைக் கரைத்துவிடுகிறது. துருவுக்கும் அதுவே வழி. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கூட்டின் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும்; அமிலம் அதனையும் தின்னும். ஆகவே துருப்பிடித்த இடத்தில் மட்டும் தடவித் தேய்த்து, விரைவிற் கழுவி, சமையற் சோடா கலந்த நீரால் மீண்டும் கழுவி, ஈரம் சற்றும் தங்காமல் வெயிலிற் காய வைத்தோம். பூச்சு அழிந்த இடங்களில் மட்டும் துருக்காப்பு வண்ணம் இட்டோம்.

இனி மஞ்சள் நிறத்துக்கு வருவோம். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்னும் மூன்றன் கூட்டே ஏ.பி.எஸ். இவற்றுள் பியூட்டாடையீன் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும், வெப்பத்தாலும், புறவூதாக் கதிராலும் எளிதில் தாக்குண்பது. தீப்பற்றாதிருக்கப் பிளாஸ்டிக்கிற் சேர்த்த புரோமின் சேர்மங்களும் நிறமாற்றத்துக்குக் காரணம் என்பர். ஒரே முகப்பில் ஒரு துண்டு மஞ்சளாகவும் அடுத்த துண்டு வெண்மையாகவும் இருப்பதைக் காணலாம். வார்த்த கலவை வேறுபட்டமையே அதற்குக் காரணம்.

இதனைப் போக்கும் முறை பழங்கணிப்பொறி ஆர்வலரிடையே 2008 முதல் பரவியது. ஹைட்ரஜன் பெராக்சைடில் பிளாஸ்டிக்கை நனைத்துப் புறவூதாக் கதிர் படுமாறு வைத்தல் வேண்டும். கதிர் பெராக்சைடைச் சிதைக்க, அதிலிருந்து எழும் வீரியமுள்ள துகள்கள் மஞ்சள் நிறந்தரும் பொருள்களைத் தாக்கி நிறமறச் செய்கின்றன. ஆற்றங்கரையில் வெளுப்பவர் நனைந்த துணியை வெயிலில் விரித்து, உலர உலர நீர் தெளிப்பதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். அவர் அறிந்த நீரும் வெயிலுமே இங்கும் தொழிற்படுகின்றன. நீர் மட்டும் வேறு.

ஆயினும் இது விளையாட்டுச் செயலன்று. மயிரின் நிறம் போக்க முடிதிருத்தகங்களில் வழங்கும் கூழில் நூற்றுக்கு 12 பங்கு பெராக்சைடு இருக்கும். அது தோலிற் பட்டால் வெண்மையாக்கி எரிக்கும்; கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. கையுறையும் கண்காப்பும் அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும். ஆக்சிஜன் வெளிப்பட்டுக்கொண்டே இருக்குமாதலால், அதனை இறுக மூடிய கலத்தில் வைத்தலும் ஆகாது.

முகப்பிலிருந்து உலோக உறுப்புகளையும் நிறுவனச் சின்னத்தையும் நீக்கி, சவர்க்கார நீரிற் கழுவி, கூழைப் பூசி, ஒளி புகும் மெல்லிய தாளாற் போர்த்தி, மொட்டைமாடியில் வைத்தோம். கூழ் உலர்ந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும். ஆதலால் அரைமணிக்கொருமுறை மீண்டும் பூசிப் பரப்ப வேண்டும். நண்பகலுணவுக்குப் பின் நான் சற்றே கண்ணயர்ந்தேன். பேரனும் கைப்பேசியில் ஆழ்ந்துவிட்டான். விழித்துப் பார்க்கும்போது வலப்பக்கத்தில் ஒரு கீற்று உலர்ந்து, விபூதிக் கோடு போல் மிகையாக வெளுத்திருந்தது. வெளுத்ததை மீட்க வழியில்லை. மறுநாள் மற்ற இடங்களை அதற்குச் சற்று நெருங்கும்வரை வெளுத்தோம். கோடு மங்கியதே தவிர மறையவில்லை. தாள் மறைத்த இடத்தோடு ஏனைய இடங்கள் ஒத்துவந்ததும் நிறுத்திக்கொண்டோம். இவ்வெண்மையும் நிலையானதன்று, ஆண்டுகள் சில சென்றபின் மஞ்சள் மீள்வதுண்டு.

முகப்பை மீண்டும் பொருத்துகையில் கொக்கியொன்று படீரென முறிந்தது. முதிர்ந்த பிளாஸ்டிக் வளையாது, ஒடியும். முகப்பின் உட்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து சிறிது சுரண்டியெடுத்து, அசிட்டோனில் இட்டுக் கரைத்தோம். ஏ.பி.எஸ். அதிற் கரைந்து கூழாகும். அக்கூழே பசை, அசிட்டோன் ஆவியானதும் கொக்கி தன் இனப் பொருளாலேயே இணைந்துவிட்டது.

உறுப்புகளைப் பொருத்தும்போது மின்வழங்கியின் இரண்டு இணைப்பிகளில் கருத்து வேண்டும். பி-8, பி-9 என வழங்கும் அவை ஒரே வடிவின. இடம் மாறினால் தாய்ப்பலகை அக்கணமே பாழ். இரண்டிலும் உள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று அடுத்திருக்க வேண்டும் என்பதே நினைவிற் கொள்ளும் குறி. பழைய வன்தட்டு சுழலவில்லை. அதற்கு மாற்றாக, ஒளிப்படக் கருவிகளிற் பயன்பட்ட காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையொன்றைச் சிறு மாற்றியின் வழியாக இணைத்தோம். கணிப்பொறி அதனை வன்தட்டென்றே கொள்கிறது. இத்தகைய கூட்டுக்குள் இன்றைய பலகையையும் செயலியையும் வைத்து அமைப்பாரும் உளர். அது தவறென்று சொல்லேன். ஆனால் ஏ.டி. கூட்டின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒரு துளையே உண்டு. புதிய பலகைக்கு இடம் செய்யத் தகட்டை வெட்ட வேண்டும். வெட்டிய தகடு மீண்டும் வளராது. உள்ளே இருந்த பலகை இறந்திருந்தாலும் நான் அதற்கு உடன்பட்டிருக்க மாட்டேன்.

நான் மிக வியந்தது அந்த எண் விளக்கைக் கண்டுதான். அது 66 என்று காட்டினால், கணிப்பொறி தன் வேகத்தை அளந்து சொல்கிறது என்றே முப்பதாண்டுகளாக நம்பியிருந்தேன். அதன் பின்புறத்திலுள்ள சிறு செருகுகளை எப்படி வைக்கிறோமோ அப்படியே அது எண் காட்டும், அளப்பது ஒன்றுமில்லை. 99 என்று வைத்தாலும் கூசாமற் காட்டும். டர்போப் பொத்தானின் பெயரும் மயக்கந் தருவது. விரைவாக்குதற்கன்று, விரைவைக் குறைத்தற்கே அது பயன்பட்டது. 1981-இல் வந்த கணிப்பொறி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அவ்வேகத்தையே தாளமாகக் கொண்டு எழுதிய ஆட்டங்கள், விரைந்த செயலிகளில் கண்ணிமைக்குமுன் முடிந்துவிடும். அவற்றை ஆடத் தக்கவாறு செயலியை மெதுவாக்கவே அப்பொத்தானை வைத்தனர்.

விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கையில் பேரன் பொத்தானை அழுத்தினான். நினைவகத்தை எண்ணும் எண்கள் திரையில் ஓடின. முதலில் அவன் ஆடியது, ஜோர்டன் மெக்னர் 1989-இல் வெளியிட்ட பாரசீக இளவரசன் ஆட்டம். தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைப் பார்த்தே இளவரசனை வரைந்தார் மெக்னர். அதனாலன்றோ அவன் ஓடி வந்து நிற்கும்போது கால் சற்றே சறுக்குகிறது! ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். பேரன் நான்காம் மணித்துளியிலேயே முட்குழியில் விழுந்தான்.

அவன் மறுபடி தொடங்குமுன், ஒளி ஊடுருவும் உறையொன்றில் வைத்திருந்த அத்தாளைக் கொண்டுவந்து, பழைய இடத்திலேயே பொருத்தினேன். வெள்ளைக் கீற்றில் பாதியை அது மறைத்தது. பேரன் சிறிது நேரம் அதனை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்த றகரம் ஏன் சாய்ந்திருக்கிறது?" என்று கேட்டான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி அமர்ந்தான்.