மஜ்ஜை மாற்றிய பிறகு கண் ஏன் உறுத்துகிறது?

ஆனி, ஆடி மாதங்களில் சிவகிரியில் வீசும் காற்று யார் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. அதனால், ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டு ஊர் திரும்பியவர், "கண்ணுக்குள்ள மண்ணு கெடக்க மாதிரி இருக்கு" என்றால், "காத்து அப்படி அடிக்கி" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். காற்று உறுத்தலைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

மஜ்ஜை மாற்று நமக்குப் புதிதல்ல. 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கிவிட்டது. ஸ்டெம் செல் மாற்று என்று சொல்வதும் இதைத்தான். கொடையாளரின் ஸ்டெம் செல்லோடு அவருடைய நோய் எதிர்ப்பு அணுக்களும் வருகின்றன. அவை நோயாளியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்குவதுண்டு. இதில் ஒரு விசித்திரம்: எஞ்சியிருக்கும் புற்றணுக்களை ஒழிப்பதும் இதே தாக்குதல்தான். எனவே அதை முழுதாக அடக்கிவிடவும் மருத்துவர்கள் தயங்குவார்கள். தன் அணுக்களையே திரும்பப் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக வராது.

கொடையாளரிடம் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கண் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைக்கும் வேளையில் தலைகாட்டும். முதலில் கண்ணீர்ச் சுரப்பி தழும்பேறிச் சுருங்குகிறது. இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும் அடைபடுவதால், ஊறும் கொஞ்சக் கண்ணீரும் நிற்காமல் ஆவியாகிறது. கருவிழியின் மேல்தோல் பொட்டுப் பொட்டாக உரியும். வெளிச்சம் கூசும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். முற்றினால் கருவிழியில் புண் விழுந்து, ஓட்டையே விழலாம்.

சோதனை எளியது. கீழிமையில் ஒரு சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் காத்திருக்கிறார்கள். ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் வறட்சி கடுமை. பிறகு மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், உரிந்த இடங்கள் பச்சையாக மின்னும்.

சிகிச்சை, பதப்படுத்தும் ரசாயனம் சேராத செயற்கைக் கண்ணீரில் தொடங்கும். அடுத்து சைக்ளோஸ்போரின் சொட்டு. கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சின்னஞ்சிறு தக்கை. அதற்கும் அடங்காவிட்டால் நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்து, நீர்க்கச் செய்து சொட்டு மருந்தாக்குகிறார்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கருவிழியைத் தொடாமல், அதன் மேல் ஒரு நீர்த்தேக்கத்தை நிறுத்திவைக்கும் ஸ்கிளீரல் லென்ஸும் இருக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும்.

நம் பக்கத்தில் பயப்பட வேண்டியது கைவைத்தியத்துக்கு. விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விடுவதும், மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடுவதும் இவர்களுக்கு ஆகாது. 1997இல் வெளியான மதுரை ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. வயலும் புழுதியுமான ஊரில், எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடலுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ கண் காட்டப் போகிறவர்கள், மாற்று செய்த மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கண் மருத்துவர் எழுதித் தருவதை மாற்று செய்த மருத்துவரிடமும் காட்ட வேண்டும். கண்ணில் தெரியும் தாக்குதல் வாயிலோ தோலிலோ நுரையீரலிலோ நடந்துகொண்டிருக்கலாம். மாத்திரையின் அளவை மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்.