‘அப்படியேதான் இருக்கு, டாக்டர்’: நாள்பட்ட வலிக்கு ஏற்ற மருந்தைக் கண்டடைவது எப்படி?

“வலி இப்ப எப்படிம்மா இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு, டாக்டர்.”

“சரி, அதே மாத்திரையை இன்னும் ஒரு மாசம் போடுங்க.”

மூட்டிலோ இடுப்பிலோ பாதத்திலோ ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமப்பவர்கள் பலருக்கு, மருத்துவரோடு நடக்கும் பேச்சு இந்த மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. ‘அப்படியேதான்’ என்றால் என்ன? மாத்திரை துளிகூடக் கேட்கவில்லையா? இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு மறுபடி வலிக்கிறதா? வயிறு எரிந்ததால் நான்காம் நாளே நிறுத்தியாகிவிட்டதா? கேட்கவே இல்லை என்றால் மருந்தையே மாற்றவேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் கேட்டது என்றால் அளவையோ போடும் வேளையையோ மாற்றிப் பார்க்கலாம். நான்காம் நாளே நிறுத்தியிருந்தால் அந்த மருந்துக்கு இன்னும் வாய்ப்பே கொடுக்கவில்லை என்று பொருள். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இதை மருத்துவருக்குச் சொல்லாது. வலிப்பவர்தான் சொல்லவேண்டும்.

நேரமோ மிகக் குறைவு. 67 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஒரு கட்டுரை, இந்தியாவில் பொதுமருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் சராசரியாக 2 நிமிடத்தை ஒட்டியே இருப்பதாகக் காட்டியது. இது நியாயமே இல்லாத நிலைமை. ஆனாலும் இன்றைக்கு வலிக்கிறவருக்குக் கிடைப்பது அந்த 2 நிமிடம்தான். அதில் எதைச் சொல்வது என்று வீட்டிலேயே யோசித்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும்.

எப்படி வலிக்கிறது?

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது விட்டுவிட்டு அதே காலத்துக்குத் தொடரும் வலி, நாள்பட்ட வலி. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், சில வகை நாள்பட்ட வலிகளைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்புகளும் முதுகுத்தண்டும் மூளையும் வலியைத் தொடர்ந்து உணர்த்திக்கொண்டிருக்க முடியும் என்பது இன்று மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ‘ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல, சும்மா சொல்றாங்க’ என்று வீட்டிலுள்ளவர்கள் பேசுவது அறியாமை. வலிக்கிறவரை அது இன்னொரு முறை வதைக்கிறது.

வலி பிறக்கும் வழிகள் மூன்று. மூட்டுத் தேய்மானம், வீக்கம் போல உடற்திசுவிலிருந்து வருவது ஒன்று. சர்க்கரை நோய், அக்கி, தண்டுவட நரம்பு அழுத்தம் போன்றவற்றால் நரம்பே பழுதாகி வருவது இன்னொன்று. நரம்பும் திசுவும் நன்றாக இருந்தும், வலியை உணரும் அமைப்பு அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவது மூன்றாவது. உடம்பு முழுக்கப் பரவி வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியா இந்த வகை. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்பதில்லை. சிலருக்கு இரண்டு வகைகள் ஒன்றாகவே இருக்கும்.

இதில் எந்த வகை என்பதற்கு முதல் தடயம் நோயாளியின் பேச்சு. 2005இல் பிரான்ஸில் உருவான டிஎன்4 என்ற சோதனை, பெரும்பாலும் நோயாளி தன் வலியை வருணிக்கும் விதத்தை வைத்தே நரம்பு வலியைக் கண்டுபிடிக்கிறது. எரிகிறதா, வலிக்கும் அளவுக்குச் சில்லிடுகிறதா, கரண்ட் அடித்தாற்போல் சுளீரென்கிறதா, ஊசி குத்துகிறதா, எறும்பு ஊர்கிறதா, மரத்துப்போகிறதா, அரிக்கிறதா என்று கேட்டு, தொட்டும் பார்த்து, 10க்கு 4 வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் சொற்கள் நிறையவே புழங்குகின்றன. குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, விண்விண் என்று தெறிப்பது, சுண்டி இழுப்பது எல்லாம் பாட்டிகளின் வாயில் சரளமாக வரும். “ராத்திரியானா பாதம் தீயா எரியுது, போர்வை பட்டாலே சுளீர்ங்குது” என்று மருமகளிடம் துல்லியமாகச் சொல்கிறவர், மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் “கால் வலி” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார். கால் வலி என்றதும் முழங்கால் தேய்மானம் என்று எண்ணி ஒரு வலி மாத்திரை எழுதப்படும். எரியும் பாதத்துக்கு அது பெரும்பாலும் கேட்காது. மருமகளிடம் சொன்னதை மருத்துவரிடமும் அப்படியே சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கேட்கவேண்டும்: “என் பி12 அளவைப் பார்த்தீங்களா?” அந்த மருந்து சிலருக்கு வைட்டமின் பி12ஐக் குறைக்கும். அந்தக் குறைவே மதமதப்பையும் எரிச்சலையும் தரும். காரணம் அதுவென்றால் வலி மாத்திரையால் என்ன பயன்?

இதுவரை விழுங்கியவை எல்லாம்

‘என்ன மாத்திரை போடுறீங்க?’ என்று கேட்டால் பிரஷர், சுகர் மாத்திரைகளை மட்டும் சொல்வோம். மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க’ என்று வாங்கியவை கணக்கில் வராது. வரவேண்டியவை முக்கியமாக அவைதான்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். மூட்டு வீக்கத்துக்கு நன்றாகக் கேட்பவை. சில நாள்களுக்கு, தேவையானவர்களுக்கு, நல்ல மருந்துகள். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதாகலாம், மாரடைப்பு ஆபத்து கூடலாம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் வகை மாத்திரையோடு, நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், மூன்றாவதாக இந்த வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கும் ஆபத்து உண்டு. நம்மூரில் அறுபது வயதைக் கடந்த பலருடைய மாத்திரை டப்பாவில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதுதான் என் கவலை.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்குப் பாறு கழுகுகளின் கதை ஒரு கடுமையான சான்று. இம்மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் பிணங்களைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. காரணம் 2004இல் உறுதியானது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் எஞ்சியவை முதுமலையையும் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் ஒட்டித்தான் வாழ்கின்றன. மனித உடல் கழுகைப்போல அவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே சர்க்கரையால் பலவீனப்பட்ட சிறுநீரகத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. “சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எனக்கு எவ்வளவு? இந்த மாத்திரையை எத்தனை நாள் போடலாம்?” என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். முழங்கால் தேய்மானம் என்றால் மேலே தடவும் ஜெல்லே போதுமா என்றும் கேட்கலாம். ரத்தத்தில் கலக்கும் அளவு அதில் மிகக் குறைவு.

பாராசிட்டமாலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. மெலிந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்களுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. பல கூட்டு வலி மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் இருமடங்கு போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அட்டையைத் தூக்கி எறியாமல், மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

பெயர் ஒட்டாத பொடி, ‘மூட்டு வலிக்குக் கைகண்டது’ என்று யாரோ வரவழைத்துக் கொடுத்த உருண்டை ஆகியவற்றையும் மறைக்கக் கூடாது. இரண்டே நாளில் வலி பறந்துபோனால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அதைச் சட்டென்று நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மறைப்பதைவிட, திட்டு வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

தலைவலிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். வலி மாத்திரை போடும் நாள்கள் மாதத்தில் 15ஐ, கூட்டு மாத்திரை என்றால் 10ஐ எட்டி, அது மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். காலண்டரில் மாத்திரை போட்ட நாள்களைச் சுழித்துக்கொண்டு வாருங்கள்.

“எனக்கென்ன மனநோயா?”

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்செட்டின் எழுதப்படும்போது பல குடும்பங்களில் அந்தச் சீட்டு அப்படியே மடிக்கப்பட்டுவிடுகிறது. கடைக்காரர் ‘இது டிப்ரஷன் மாத்திரையாச்சே’ என்று சொல்லியிருப்பார், அல்லது மகன் இணையத்தில் பார்த்திருப்பார். மனச்சோர்வுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகள்தான் இவை. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகளை இவை வலுப்படுத்துகின்றன. வலிக்காகத் தரும்போது அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில்தான் தொடங்கும். மனச்சோர்வுக்குத் தரும் அளவில் இது சிறு பங்கு. கபாபென்டின், பிரீகாபலின் இரண்டும் வலிப்பு நோய் மருந்துகளாகப் பிறந்தவை. அவற்றை எழுதினால் உங்களுக்கு வலிப்பு என்று பொருளில்லை.

இவை தலைவலி மாத்திரைபோல அரைமணியில் கேட்பவை அல்ல. குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, சில வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்: தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், தலைசுற்றல், பிரீகாபலினில் கால் வீக்கமும் எடைகூடுதலும். கெடுதல் முதலில் வந்து நன்மை பின்னால் வருவதால்தான் இத்தனை பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் விடமாட்டார்கள். “எத்தனை வாரம் பார்க்கணும்? எந்தத் தொந்தரவு வந்தா உங்களுக்குப் போன் பண்ணணும்? எதைப் பொறுத்துக்கலாம்?” என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் அமிட்ரிப்டிலினுக்கு முன்பே சொல்லிவிடவேண்டும். பிரீகாபலினையும் டுலாக்செட்டினையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

முதல் மருந்தே கேட்டுவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, ஒருவருக்கு நரம்பு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய 4 பேருக்குத் தரவேண்டியிருக்கிறது. டுலாக்செட்டின் வகையை 6 பேருக்கு. பிரீகாபலினை 7, 8 பேருக்கு. மருந்து கேட்காததற்கு நோயாளியும் காரணமல்ல, மருத்துவரும் காரணமல்ல. அதனால்தான் ஆறு வாரத்துக்கு ஒரு டாக்டர் என்று மாறிக்கொண்டிருப்பது வீண். ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்தே தொடங்குவார்கள். எதை, எந்த அளவில், எத்தனை வாரம் போட்டு, ஏன் நிறுத்தினோம் என்ற குறிப்பு கையில் இருந்தால் அடுத்தவர் மேற்கொண்டு தொடர முடியும்.

எவ்வளவு குறைந்தால் போதும்?

வலி பூச்சியமாகவேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். நாள்பட்ட வலியில் அது பலருக்கும் நடப்பதில்லை. வலி 30 விழுக்காடு குறைந்தாலே நோயாளிகள் நல்ல மாற்றமாக உணர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 10க்கு 7 என்றிருந்தது 5 ஆனால் தூக்கம் வரும், சந்தைக்குப் போய்வரலாம்.

ஆகவே எண்ணை மட்டும் சொல்லாமல் செய்ய முடிந்ததையும் முடியாததையும் சொல்லுங்கள். “தரையில உட்கார்ந்து எழ முடியல. ராத்திரி மூணு தடவை முழிக்கிறேன். பஸ்ல நின்னு வேலைக்குப் போக முடியல.” அடுத்த முறை போகும்போது இதில் எது மாறியது என்று இருவருக்கும் தெரியும். வலி குறையாமல் மயக்கம் மட்டும் கூடியிருந்தால், அந்த மருந்தைத் தொடர்வதில் அர்த்தமில்லை என்பதும் தெரியும்.

வீரியமான மருந்துகள்

ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளில் ஒன்றான டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வலிப்பு நோய் உள்ளவர்களும் மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்களும் அதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லியாகவேண்டும். நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஓபியாய்டுகளை ஆண்டுக்கணக்கில் தருவதால் நன்மை சொற்பம், பழகிப்போகும் ஆபத்து பெரிது.

புற்றுநோய் வலி அப்படியல்ல. அங்கே மார்ஃபின் உரிய மருந்து. அதை வாங்கித் தர முடியாதபடி இருந்த சட்டச் சிக்கலை அதே சட்டத்தின் 2014 திருத்தம் பெருமளவு தளர்த்தியிருக்கிறது. வீட்டில் ஒருவர் புற்றுநோய் வலியில் துடிக்கிறார் என்றால் ‘பழகிடுமே’ என்று அஞ்சாமல், வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வலியைத் தாங்கிக்கொள்ளும்படி யாரையும் விடக் கூடாது.

கூட வருபவர்களும் அடுத்த வாசலும்

அம்மாவை அழைத்துப்போகும் மகள் முந்திக்கொண்டு பேசிவிடுவதைப் பார்க்கிறோம். அம்மா சொல்லட்டும். அவர் விட்டதை, மறைத்ததை, மாத்திரையைத் தூக்கிப்போட்டதை மட்டும் மகள் சேர்த்துச் சொன்னால் போதும்.

சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்வது, கறுப்பாக மலம் போவது ஆகியவற்றுக்கு அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போகவேண்டும்.

மற்றபடி இரண்டு மூன்று மருந்துகளைச் சரியான அளவில், சரியான காலத்துக்குப் பார்த்தும் கேட்கவில்லை என்றால் வலி சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறையினர் இதை நடத்துவதுண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சை இல்லாமல் மருந்து மட்டும் எழுதியிருந்தால் அதையும் கேட்கவேண்டும். வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.