பூனை மெத்தையில் சிறுநீர் கழிப்பது திமிரா, நோயா? லிட்டர் பாக்ஸை ஒதுக்குவது ஏன்? தீர்வு என்ன?

வீட்டுக்குள் வளரும் பூனை திடீரென மெத்தையிலோ, மடித்து வைத்த துணியிலோ சிறுநீர் கழித்தால், பல வீடுகளில் முதலில் வரும் வார்த்தை "திமிரு, வேணும்னே செய்யுது" என்பதுதான். அடுத்து அடி விழும். அதற்கும் சரிப்படவில்லை என்றால், சாக்குப் பையில் போட்டு ஊருக்கு வெளியே விட்டுவிடுவதும் நடக்கிறது.

உண்மையில் பூனை யாரையும் பழிவாங்குவதற்காக இப்படிச் செய்வதில்லை. ஒன்று, அதற்கு வைத்திருக்கும் இடம் பிடிக்கவில்லை. அல்லது உடம்புக்கு முடியவில்லை. இரண்டில் எது என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதில் சில நேரம் பூனையின் உயிரே அடங்கியிருக்கிறது.

பூனை மண்ணைத் தேடுவது ஏன்?

வீட்டுப் பூனையின் மூதாதை, வறண்ட நிலங்களில் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. மண்ணைத் தோண்டி, கழித்து, மூடிவிட்டு வரும் பழக்கம் அங்கிருந்தே வருகிறது. தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் கிராமங்களில் வெளியே திரியும் பூனைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தெருவைத் தாண்டினால் உளுந்தும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடு. வீடு கட்டக் கொட்டிய மணல் கிடைத்தால் இன்னும் வசதி. டைல்ஸ் தரையும் பூட்டிய கதவுமாக வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கும்போதுதான், லிட்டர் பாக்ஸ் எனப்படும் மண் தட்டு தேவைப்படுகிறது.

கரிசல் மண்ணுக்கும் கேட் லிட்டருக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவில் முன்பு பூனைக்கு மணலும் அடுப்புச் சாம்பலும்தான் போட்டு வைத்தார்கள். சாம்பல் காலில் ஒட்டி வீடெல்லாம் தடம் பதிந்தது. 1947ல் எட் லோவ் என்பவர், உறிஞ்சும் தன்மை கொண்ட களிமண் துகள்களை அதற்குப் பதிலாகக் கொடுத்தார். ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் லிட்டரை, 1984ல் தாமஸ் நெல்சன் என்ற விஞ்ஞானி உருவாக்கினார்.

இந்தப் பென்டோனைட்டில் இருக்கும் முக்கியக் கனிமம் மான்ட்மோரில்லோனைட். மழையில் கரிசல் மண் உப்புவதற்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதற்கும் இதே குடும்பத்துக் கனிமங்கள்தான் காரணம்.

"அப்போ காட்டுல ஒரு கூடை கரிசலை அள்ளிட்டு வந்து போட்டா போதாதா?" என்று கேட்கலாம். போதாது. லிட்டர் என்பது காயவைத்து, உடைத்து, ஒரே அளவாகச் சலித்த துகள். காட்டுக் கரிசல் நனைந்தால் பூனையின் காலில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். புழு முட்டைகளும் பூச்சிமருந்தும் கலந்திருக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வெயிலில் காயவைத்துச் சலித்த மணலைப் பயன்படுத்தலாம். அது கட்டியாகாது என்பதால் அடிக்கடி முழுவதும் மாற்ற வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென மாறினால், சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், மூட்டு வலி என எதுவும் காரணமாக இருக்கலாம். கழிக்கும்போது வலித்தால், அந்த வலியைப் பூனை தட்டோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு தட்டுப் பக்கமே போகாது.

மிகவும் ஆபத்தானது ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை அடைப்பு. அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குவது, சொட்டுச் சொட்டாக வருவது அல்லது வராமலே இருப்பது, கத்துவது, பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாட்களில் இதயமே நின்றுவிடலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

வறண்ட நிலத்து விலங்கு என்பதால் பூனைக்குத் தாகம் எடுப்பது குறைவு. கோடையில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைப்பதும், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த மீனை அந்தத் தண்ணீரோடு கொடுப்பதும் நல்லது.

தட்டில் என்ன தவறு?

உடம்பில் குறை இல்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது தட்டை.

• எண்ணிக்கை: பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, அதுவும் வெவ்வேறு இடங்களில்.

• அளவு: பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு. பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் ஒரு பக்கம் தாழ்வாக இருக்கட்டும்.

• மண்: இரண்டு, மூன்று அங்குல ஆழம், வாசனை சேர்க்காத ரகம். மனிதருக்கு மணப்பது பூனைக்கு நெடி. வேறு ரகத்துக்கு மாறும்போது, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும்.

• இடம்: வாஷிங் மெஷின் சத்தம், நாய்த் தொல்லை, சாப்பாட்டுத் தட்டு ஆகிய மூன்றுக்கும் தள்ளி, அமைதியான மூலை.

• சுத்தம்: தினமும் ஒருமுறையாவது அள்ள வேண்டும். பென்டோனைட் லிட்டரைக் கழிப்பறையில் கொட்டினால் உப்பிக் குழாயை அடைத்துவிடும்.

பினாயில் ஊற்றலாமா?

கூடாது. பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. துடைத்த தரையில் நடந்து, காலை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். தண்ணீரில் ஊற்றினால் வெள்ளையாக மாறும் கிருமிநாசினிகளையும் தவிர்ப்பது நல்லது. தட்டுக்குச் சாதாரண சோப்புத் தண்ணீர் போதும். மெத்தை, தரையில் பழைய வாடை மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத் திரும்ப வரும். அங்கே என்சைம் கிளீனர் பயன்படுத்தலாம்.

சுவரில் பீய்ச்சினால்?

நின்றபடி வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சினால், அது பெரும்பாலும் எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகளிடம் இது குறைந்துவிடும்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. அது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதனால் தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து குறையும். அந்த வேலையை வீட்டில் வேறு யாராவது செய்வது நல்லது. இதற்காகப் பூனையை வெளியே விரட்ட வேண்டியதில்லை.

எல்லாம் சரிசெய்த பிறகும் பழக்கம் மாறவில்லை என்றால், சில நாட்களுக்கு ஒரு சிறிய அறையில் தட்டு, தண்ணீர், படுக்கையோடு வைத்துப் பழக்கலாம். அடிப்பதும், மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பதும் பயத்தைத்தான் கூட்டும். பயந்த பூனை சிறுநீர் கழிப்பதை நிறுத்தாது. கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும், அவ்வளவுதான்.