நிற்கும் வண்டிக்கும் உண்டு தேய்மானம்

தேய்மானம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பயன்பாடு. ஓடினால் சக்கரம் தேயும், உழைத்தால் இயந்திரம் தேயும். ஆனால், பயன்படுத்தாமல் விடுவதாலேயே அழிகிற சொத்துகளும் உண்டு. பூட்டிய வீடும் தூர்வாராத ஏரியும் அந்த வகை. பழைய மோட்டார் சைக்கிளின் பேட்டரியும் அந்த வரிசையில் சேரும்.

நான் வாழும் நெய்வேலி நகரியத்தில் இதற்கான சான்றுகளைத் தெருவுக்குத் தெரு காணலாம். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்ததன் விளைவாகத் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி வேரூன்றியது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரே வயதுடைய இவ்விரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் பணிமுறைக்குச் சென்று திரும்பிய அந்தத் தலைமுறையின் புல்லட், ஜாவா, யெஸ்டி வண்டிகளில் சில, உரியவர்கள் ஓய்வுபெற்ற பின்னரும் வீட்டுத் தாழ்வாரங்களில் உறை போர்த்தி நிற்கின்றன.

குளிர்நாடுகளில் இத்தகைய வண்டிகளைப் பனிக்காலத்தில் எடுத்துவைத்து வசந்தத்தில் மீண்டும் ஓட்டுவது வழக்கம். நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால், வண்டி நிற்கும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடலூர் மாவட்டத்தில் யாரும் பழைய வண்டியை ஆசையோடு வெளியே எடுப்பதில்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரின் வண்டி தொடர்ந்து ஆறு மாதம்கூட நிற்கும். சட்டமும் ஒரு காரணமாகிறது. 2021-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்தால், கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அதைச் சாலையில் ஓட்டலாம்.

அப்படி நிற்கும்போது பேட்டரிக்குள் என்ன நடக்கிறது? காரீய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்ஸின் கேஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அடிப்படை வேதியியல் இன்றும் அதுவே. நீர்த்த கந்தக அமிலத்தில் இரு வகைத் தகடுகள் மூழ்கியிருக்கும். ஒன்று காரீயம், மற்றொன்று காரீய டை ஆக்சைடு. மின்சாரம் வெளியேறும்போது இரண்டின் மீதும் காரீய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். எதனுடனும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தன்னைத் தானே மெல்ல இழந்துகொண்டேயிருக்கும். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், மென்மையான சல்பேட் படிகங்கள் பெருத்து இறுகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுமையாகக் கரைவதில்லை. ‘பேட்டரி செத்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கேதான் தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. குளிர்நாட்டவரின் அச்சம், சார்ஜ் இறங்கிய பேட்டரியில் நீர்த்துப்போன அமிலம் உறைந்து பெட்டி வெடித்துவிடும் என்பது. ஆனால், அதே குளிர் பேட்டரியின் தன்னிழப்பைக் குறைத்து அதைக் காக்கவும் செய்கிறது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது தன்னிழப்பின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 10 டிகிரி குளிரில் நான்கு மாதத்தில் இறங்கும் சார்ஜ், 40 டிகிரியைத் தொடும் தகரக் கொட்டகையில், இந்தக் கணக்குப்படி, பதினைந்து நாள்களில் இறங்கிவிடும். எனவே, வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ள கால அளவை அப்படியே நம்புவது நமக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியவை எளியவை. வண்டியை நிறுத்துமுன் பேட்டரியைக் கழற்றி, முழுமையாக சார்ஜ் ஏற்றி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். கழற்றும்போது வண்டியின் உடலோடு இணைந்துள்ள கம்பியை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் இணைக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறிப் பட்டாலும் தீப்பொறி எழாது. சில பழைய வண்டிகளில் உடலோடு இணைந்திருப்பது நேர்முனை என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது.

மாதம் ஒருமுறை மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். முழு சார்ஜில் 6 வோல்ட் பேட்டரி 6.3 வோல்ட்டுக்கு மேலும், 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேலும் காட்டும். முறையே 6.2, 12.4 என்ற அளவுக்கு இறங்கினால் மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏற்றும் மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 12 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது 1.2 ஆம்பியர். கடைகளில் கிடைக்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானவை. அவற்றைப் பழைய 6 வோல்ட் பேட்டரியில் இணைத்தால் அதைக் கொதிக்கவைத்துக் கெடுத்துவிடும்.

திரவ மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். குறைவது நீர்தான் என்பதால் அமிலம் சேர்ப்பதும் தவறு. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றக்கூடியது. விளக்கெரியும் பூஜையறையும் அடுப்பெரியும் சமையலறையும் அதற்கு உரிய இடங்கள் அல்ல.

‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதும்’ என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பழைய வண்டி மெதுவாக உறுமி நிற்கும்போது உற்பத்தியாகும் மின்சாரம் மிகக் குறைவு. இழந்ததை ஈடுசெய்ய அது போதாது. இன்ஜினுக்குள் ஈரம் தங்குவதுதான் மிச்சம்.

பொருளியல் நோக்கில் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 6 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்கும் ஆற்றல் 72 வாட்-மணி. அதாவது, ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டுக்கே மின்சாரம் வழங்கும் ஊரில், மாதந்தோறும் இந்த அற்ப அளவைச் செலவிடாததால் ஒரு பேட்டரியைத் தூக்கி எறிகிறோம்.

எறியப்படும் பேட்டரி எங்கே போகிறது என்பதில்தான் உண்மையான விலை அடங்கியுள்ளது. அதன் எடையில் பாதிக்கும் மேல் காரீயம். முறையற்ற உருக்குமிடங்களில் அமிலம் மண்ணில் கொட்டப்படுகிறது. காரீயப் புகை காற்றில் கலக்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாக யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகவும் அது சுட்டியது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அந்த இழப்பை மீட்க இயலாது. இதைத்தான் பொருளியல் ‘புறவிளைவு’ என்கிறது: நாம் கொடுக்கும் விலையில் சேராத, வேறொருவர் சுமக்கும் செலவு.

2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்குத் திரும்பப் பெறும் பொறுப்பையும், நுகர்வோருக்குப் பழைய பேட்டரியைப் பிற குப்பையோடு சேர்க்காமல் உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையையும் விதித்துள்ளன. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பழைய இரும்புக் கடையில் போடுவது அந்தக் கடமையைக் கைவிடுவதாகும்.

ஆனால், கழிவை நன்றாகக் கையாளுவதைவிடக் கழிவே உருவாகாமல் தள்ளிப்போடுவது மேலானது. ஒரு பேட்டரியின் ஆயுள் இரண்டு ஆண்டிலிருந்து நான்காக உயர்ந்தால், உருக்கப்படும் காரீயம் பாதியாகக் குறையும். அதற்குத் தேவை மாதத்தில் ஓர் இரவு. இந்த மழைக்காலத்தில் வண்டிக்கு உறை போர்த்துமுன், பேட்டரியைக் கழற்றி எடுத்து வைப்போம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)