ஒன்பது சதவீதம் எடுத்தவருக்குத் தண்டனை இல்லை

ஆறு ஆண்டுக் கெடு முடியப் போகிறது, ஆய்வேடு இன்னும் கையில்தான் இருக்கிறது என்று தவிப்பவர்களின் கடிதங்கள் இந்த வாரம் நிறைய. பெரும்பாலும் கொரோனாவுக்குச் சற்று முன்னும் பின்னும் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவர்கள். இரண்டு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர் ஒருவர் எழுதுகிறார்: “நூலகத்தில் செக் பண்ணியதில் 14 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. யாருடையதையும் நான் எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் ‘குறைத்துத் தருகிறோம், பக்கத்துக்கு இவ்வளவு’ என்கிறார்கள். கொடுக்கலாமா?”

பொன்னேரியிலிருந்து ஒரு தமிழ் ஆய்வு மாணவி: “ஒரு இயலில் பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து ஏழெட்டுப் பக்கம் அப்படியே சேர்ந்துவிட்டது. பயந்துகொண்டே கொடுத்தேன். 2 சதவீதம்தான் வந்தது. நெறியாளர் வாழ்த்துச் சொல்கிறார். எனக்கே நம்ப முடியவில்லை.”

எடுக்காதவருக்கு 14, எடுத்தவருக்கு 2. இந்த முரண் எப்படி வந்தது என்பதுதான் இங்கே பேச்சு. கருத்துத் திருட்டு என்றால் என்ன, அடிக்குறிப்பு எங்கே போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

எல்லாவற்றுக்கும் மூலம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. கல்விசார் நேர்மையை வளர்ப்பது, கருத்துத் திருட்டைத் தடுப்பது என்று இரண்டு வேலைகளைத் தலைப்பிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. வளர்ப்பது விழிப்புணர்வு, பயிற்சி என்ற அளவில் நின்றுவிடுகிறது. தடுப்பதற்கு மட்டும் அளவுகோல் உண்டு, அது ஓர் எண். ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

பார்த்தால் ஒழுங்கான ஏணிபோலத் தெரிகிறது. ஆனால் சதவீதம் என்றால் எதில் சதவீதம்?

60,000 சொல் கொண்ட ஒரு பிஎச்.டி. ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5,500 சொல், ஏறத்தாழ 20 பக்கம், இன்னொருவர் உழைப்பு. ஒரு முழு இயலே அவ்வளவுதான் இருக்கும். கணக்குப் போட்டால் 9.2 சதவீதம். தண்டனை இல்லை. அதே 5,500 சொல்லை 12,000 சொல் கொண்ட முதுகலை ஆய்வேட்டில் சேர்த்தால் 45.8 சதவீதம், ஓராண்டு வெளியே நிற்க வேண்டும். எடுத்த பொருள் ஒன்று, எடுத்த அளவும் ஒன்று. மாறியது அதைச் சுற்றியிருந்த காகிதத்தின் கனம் மட்டுமே.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கழிவுநீருக்கு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரம்பு வைத்தால், கழிவைக் குறைக்காமல் தண்ணீரைக் கூட்டுவது உலகெங்கும் பழைய தந்திரம். அங்கே தண்ணீர், இங்கே முன்னுரையும் பின்னிணைப்பும்.

பின்னத்தின் பகுதியைப் போலவே தொகுதியும் வளையும். மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவற்றை ஒப்புமைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் விலக்குவது மென்பொருளில் சில கட்டங்களை டிக் செய்வது. நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எதை டிக் செய்தார் என்பதைப் பொறுத்து ஒரே கோப்பு இரண்டு இடங்களில் இரண்டு எண் காட்டும். சிப்காட் வாசகரின் 14 சதவீதத்தில் எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். இரண்டாவது சந்தேகம், அவருடைய சொந்தக் கட்டுரை. அவர் பதிவு செய்த காலத்தில் நடப்பிலிருந்த மானியக் குழுவின் 2016 பிஎச்.டி. விதிப்படி, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். வெளியிட்ட கட்டுரை இணையத்தில் இருக்கும். அதன் சாரம் ஆய்வேட்டிலும் இருக்கும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும், இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பது தெரியாது. எழுதச் சொன்னதும் விதிதான், எழுதியதற்குச் சிவப்பு மை பூசுவதும் விதிதான். முன்பே வெளியானது என்று குறிப்புக் கொடுத்து, நெறியாளரின் சான்றோடு அதை விலக்கிக்கொள்ளும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு.

இனி பொன்னேரிக்கு வருவோம். விதியில் ஒரு வரி இருக்கிறது: தொடர்ச்சியாக 14 சொல் வரை ஒத்துப்போனால் அதைத் தற்செயலாகவோ பொது அறிவாகவோ விட்டுவிடலாம். 14 என்ற எண் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ‘தொழிற்பேட்டையிலிருந்து வெளியேற்றப்படுகின்ற’ என்பது தமிழில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் சொல்ல ஏழெட்டுச் சொல் வேண்டும். உருபையும் காலத்தையும் செயப்பாட்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும் மொழியில் 14 சொல் என்பது மிக நீண்ட ஒரு வாக்கியமாகக்கூட இருக்கலாம். அதை முழுதாக எடுத்தாலும் விதிக்கு அது தற்செயல். இன்னொரு கூத்தும் உண்டு. ‘செய்துகொண்டிருந்த’ என்று சேர்த்து எழுதியதை ‘செய்து கொண்டிருந்த’ என்று பிரித்துவிட்டால் சங்கிலி அறுந்துபோக இடமுண்டு. சொல்லைத் தவறாகப் பிரிப்பவருக்குச் சலுகை கிடைக்கிறது என்று தமிழாசிரியர்கள் வருத்தப்படலாம்.

மாணவியின் 2 சதவீதத்துக்கு இதைவிட எளிய காரணம் ஒன்றும் இருக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழ், திரையில்தான் தமிழ். உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்த்து யூனிகோடில் அடித்தால் கண்ணுக்கு அச்சு அசல், இயந்திரத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு கோப்பு. ஆய்வேடுகளின் தேசியக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியிருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்கள். படத்தில் எழுத்து இல்லை. ஒப்பிட ஒன்றும் இல்லை. 2019 செப்டம்பரில் ஷோத்சுத்தி என்ற திட்டத்தின் கீழ் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமைக் கருவி இலவசமாகக் கிடைத்தது. முதலில் உர்குண்ட், பின்னர் ட்ரில்பிட். கருவி எதுவானாலும், தன்னிடம் எழுத்தாக இருப்பதோடுதான் ஒப்பிட முடியும். ஆகவே 2 சதவீதம் என்பது சுத்தம் என்ற சான்று அல்ல. தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்ற தகவல்.

இயந்திரம் தவறவிடுவது ஒரு மனிதர் படித்தால் தெரிந்துவிடலாம். 2008-ல் திருப்பதியில், ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் களவும் பொய்த் தரவும் என்று வெளியானது. ஆய்விதழ்களோடு தொடர்புடைய வேதியியலாளர்களின் கண்ணில் பட்டுத்தான் அது வெளியே வந்தது.

விதியும் மனிதரை நம்புவதாகவே சொல்கிறது. தண்டனையைப் பரிந்துரைப்பது கருவி அல்ல, குழு. முதலில் துறை அளவில் மூவர்: துறைத் தலைவர், நிறுவனத் தலைவர் நியமிக்கும் வெளித்துறைப் பேராசிரியர், கருவி தெரிந்த ஒருவர். இந்தக் கடைசி நபரை நியமிப்பவரும் துறைத் தலைவரே. கூட்டம் செல்லுபடியாகத் தலைவரோடு சேர்த்து இருவர் போதும். வெளித்துறைக்காரருக்கு அன்று வேறு வேலை வந்துவிட்டால், துறைத் தலைவரும் அவர் நியமித்தவரும் உட்கார்ந்து முடித்துவிடலாம். அறிக்கை 45 நாளில் நிறுவன அளவிலான குழுவுக்குப் போகும். அங்கே வெளியாள் ஒருவருக்கு இடமுண்டு.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிய பி.இ. ப்ராஜெக்ட் சிக்குமா? இந்த விதியில் சிக்காது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட், அசைன்மென்ட், விடைத்தாள் மூன்றையும் வரையறையிலேயே வெளியே விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையில் மாணவர்கள் மிகுதியாக இருப்பது அங்கேதான்.

தேர்வறையில் பிட்? அது அந்தந்தப் பல்கலைக்கழகத் தேர்வு விதிகளின் பாடு.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தால்? ‘இன்னொருவருடைய’ படைப்பை எடுப்பதே திருட்டு என்கிறது 2018 விதி. இயந்திரம் ‘இன்னொருவர்’தானா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால்? பட்டம் நிறுத்திவைக்கப்படும், எவ்வளவு காலத்துக்கு என்பதைக் குழு சொல்லும்.

கையெழுத்துப் போட்ட நெறியாளருக்கு? மாணவர் ஆய்வேட்டுக்கான தண்டனைப் பட்டியலில் அவர் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்குப் பணம்? வேண்டாம். சொல்லை மாற்றிப் போடும் மென்பொருளில் ஓட்டித் தருவதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கிறது. அப்படி ஓட்டிய ஆங்கிலக் கட்டுரைகளில் ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்ததை 2021-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவர் கூட்டாளிகளும் பட்டியலிட்டார்கள். உங்கள் துறைச் சொற்கள் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். நூலகத்தில் எதையெல்லாம் விலக்கினார்கள் என்று கேளுங்கள், சொந்தக் கட்டுரைக்குச் சான்று வாங்குங்கள், மறுபடி செக் பண்ணச் சொல்லுங்கள். நெறியாளரைத் திங்கட்கிழமை காலையிலேயே பிடித்துவிடுவது நல்லது. மதியத்துக்கு மேல் கையெழுத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்று இன்னும் மூன்று கடிதங்கள் சொல்கின்றன.