ஒரே சந்தையை நம்பிய ஆப்பிள் மாவட்டம்

போலந்து தலைநகர் வார்சாவுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது குரூயெட்ஸ் மாவட்டம். 10 உள்ளாட்சிப் பகுதிகள் கொண்ட இங்கு ஆப்பிள் முக்கிய வாழ்வாதாரம். 16-ம் நூற்றாண்டில் ராணி போனா ஸ்ஃபோர்சா ஊக்குவித்த பழச் சாகுபடி, இன்று தலைமுறைகள் கடந்த குடும்பத் தொழில். அறுவடைக்கு முந்தைய குளிர்ந்த இரவுகளால் பழத்தில் சிவப்பு நன்றாக ஏறுகிறது. இனிப்போடு லேசான புளிப்பும் சேர்கிறது. இந்தத் தனித்தன்மைக்காக 2011-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

மூடப்பட்ட சந்தை

2014 ஆகஸ்டில், அறுவடை தொடங்கும் நேரத்தில், போலந்தின் பழங்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. அதுவரை போலந்து ஏற்றுமதி செய்த ஆப்பிளில் பாதிக்கும் மேல் அங்குதான் சென்றது. விலை சரிந்தது. விவசாயிகளுக்கு ஆதரவாக, 'ஆப்பிள் சாப்பிடுங்கள்' என்ற பிரச்சாரம் நாடெங்கும் பரவியது.

காய்கறி என்றால் அடுத்த பட்டத்தில் பயிரை மாற்றிவிடலாம். மரப்பயிரில் அது முடியாது. ரஷ்யச் சந்தைக்காக வளர்த்த 'ஐடாரெட்' மரங்களை அகற்றி 'காலா' போன்ற ரகங்களை நட்டாலும், காய்ப்புக்கு வர 2, 3 ஆண்டுகள் ஆகும். குட்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி, அடர் நடவு செய்தால்தான் அதுவும். முழு மகசூலுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

கைகொடுத்த கிடங்கு

2004-ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தபின், விவசாயிகள் உற்பத்தியாளர் குழுக்களாகத் திரண்டு, ஒன்றிய நிதியுதவியுடன் நவீனக் குளிர்பதனக் கிடங்குகளைக் கட்டியிருந்தனர். காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜனை, கிடங்குக்குள் 1 முதல் 2 சதவீதமாகக் குறைப்பார்கள். பழத்தின் சுவாசம் மந்தமாகி, பல மாதங்கள் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கும். அறுவடை வாரத்திலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. நிறம், அளவு வாரியாகத் தரம் பிரித்து, எகிப்து, இந்தியா போன்ற தூரத்துச் சந்தைகளுக்கும் அனுப்ப முடிந்தது.

கிடங்கு வசதியில்லாத சிறு விவசாயிகள் நிலை வேறு. பழச்சாறு ஆலை சொல்லும் விலைதான் அவர்களுக்கு.

நல்ல ரகம், நல்ல மகசூல், புவிசார் குறியீடு எல்லாம் இருந்தும் குரூயெட்ஸ் தடுமாறியது, விற்பனை ஒரே நாட்டை நம்பி இருந்ததால். பத்து, பதினைந்து ஆண்டு நிற்கப்போகும் மரத்தை நடும் முன், எத்தனை சந்தைகள் அந்த ரகத்தை வாங்கும் என்று கேட்டுக்கொள்வது அவசியம்.